வீட்டைச் சுற்றி வரும் விஷமில்லாப் பாம்புகள்

தம்பதிகள் சேர்ந்து படிக்க ஒரு பாடம்



இந்தப் பாடத்தை ஒருவர் படிக்க, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும். பாம்பு பற்றிய பேச்சு என்றால் அவர்கள் ஓடி வந்து விடுவார்கள்.

திண்ணையில் நடந்த பேச்சு

ஒரு வீட்டுக் கொல்லையில் சாயங்காலம் ஆறடி நீளப் பாம்பு ஒன்றை அடித்துப் போட்டார்கள். மறுநாள் காலையில் கர்ப்பிணித் தாயைப் பார்க்கக் கிராம சுகாதாரச் செவிலியர் அந்த வீட்டுக்கு வந்தார் என்று வைத்துக் கொள்வோம். திண்ணையில் இப்படித்தான் பேச்சு நடந்திருக்கும்:

மனைவி: நர்சம்மா, நேத்து பெரிய கண்டத்துலேர்ந்து தப்பிச்சோம். ஆறடி நாகம்! இவரும் பங்காளிங்களும் சேர்ந்து அடிச்சுப் போட்டுட்டாங்க.

செவிலியர்: படம் எடுத்துச்சாம்மா?

மனைவி: படம் எடுக்கலை. கழுத்தைப் புடைச்சுக்கிட்டு உர்ருன்னு சீறுச்சு.

செவிலியர்: அண்ணே, நீங்க கிட்டத்துல பார்த்திருப்பீங்களே. நிறம் எப்படி?

கணவர்: மஞ்சளும் பழுப்பும் கலந்த மாதிரி. வால் பக்கம் கறுப்பா வலை போட்டாப்ல கோடு. கண்ணு பெரிசு.

செவிலியர்: அப்ப அது சாரை அண்ணே. விஷமே கிடையாது.

கணவர்: சாரையோ நாகமோ, பாம்பு பாம்புதானேம்மா?

செவிலியர்: உள்ளே நெல்லு மூட்டையை எலி கடிச்சு வச்சிருக்கே, அந்த எலியைத் தேடித்தான் அது வந்திருக்கு. சம்பளம் வாங்காத காவல்காரனை அடிச்சுப் போட்டுட்டீங்க. எலி அப்படியே இருக்கு. நாளைக்கு அதே எலியைத் தேடி நல்ல பாம்பு வந்தா என்ன செய்வீங்க?

கணவர் பதில் பேசவில்லை. மனைவிதான் கேட்டாள்: "அப்படின்னா எது நல்லது எது கெட்டதுன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

நல்ல கேள்வி. இந்தப் பாடம் அந்தக் கேள்விக்குத்தான்.

1. எல்லாப் பாம்புக்கும் விஷம் உண்டா?

இல்லை. நம் நாட்டில் 300 வகைக்கு மேல் பாம்புகள் உண்டு. அவற்றில் மனிதர் உயிரை எடுக்கும் விஷம் உள்ளவை சிறு பகுதியே. வீட்டுப் பக்கமும் வயல் பக்கமும் வந்து அதிகம் பேரைக் கொல்பவை நான்கு:

நல்ல பாம்பு (நாகம்)
கட்டுவிரியன்
கண்ணாடி விரியன்
சுருட்டை விரியன்

இந்த நான்கின் பெயரையும் வீட்டில் எல்லோரும் வரிசையாகச் சொல்லப் பழகுங்கள். ஆனால் இவற்றை லேசாக எண்ணி விடாதீர்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

ஆகவே இரண்டு தவறு செய்யக் கூடாது. விஷமில்லாத பாம்பைக் கண்டு பயந்து அடிப்பது ஒரு தவறு. விஷமுள்ள பாம்பை "இது ஒண்ணும் செய்யாது" என்று அலட்சியம் செய்வது இன்னொரு தவறு. முதல் தவறினால் எலி பெருகும். இரண்டாவது தவறினால் உயிர் போகும்.

2. நமக்கு உதவும் பாம்புகள்

*சாரைப் பாம்பு.* ஆறு ஏழு அடி வளரும். உடம்பு ஒல்லி, ஓட்டம் வேகம். கண் பெரியது, கண்மணி உருண்டை. உதட்டில் கறுப்புக் கோடுகள் தெரியும். பகலில் நடமாடும். எலியும் தவளையும் இதன் தீனி. மடக்கிப் பிடித்தால் கழுத்தைப் புடைத்து உறுமும், கடிக்கவும் செய்யும், விஷம் இல்லை. மாட்டின் காலைச் சுற்றிக் கொண்டு மடியில் பால் குடிக்கும் என்று சொல்வார்கள். அது வெறும் பேச்சு. கொட்டகைக்கு அது வருவது எலிக்காக.

*தண்ணீர்ப் பாம்பு.* குளம், கிணறு, வாய்க்கால், நெல் வயல் எங்கும் உண்டு. மஞ்சள் அல்லது பச்சை கலந்த பழுப்பு உடம்பில் சதுரங்கப் பலகை போலக் கறுப்புக் கட்டங்கள். கண்ணுக்குக் கீழே சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள். மீனும் தவளையும் தின்னும். இதற்குக் கோபம் அதிகம். தொட்டால் சட்டென்று கடிக்கும், கழுத்தைத் தட்டையாக விரிக்கும். அதைப் படம் என்று எண்ணிப் பலர் அடித்து விடுகிறார்கள். விஷம் இல்லை.

*கொம்பேறி மூக்கன்.* மரத்திலும் வேலியிலும் கூரையிலும் ஓடும் ஒல்லியான பாம்பு. முதுகில் வெண்கல நிறத்தில் நீளப் பட்டை. பல்லி, ஓணான், தவளை பிடித்துத் தின்னும். "கடிச்சவனை எரிக்கிற புகையைப் பார்க்கச் சுடுகாட்டு மரத்து மேல ஏறி உட்காரும்" என்று இதைப் பற்றி நம் ஊர்களில் பெரிய கதையே உண்டு. பாவம், அது மரம் ஏறுவது ஓணான் பிடிக்க. விஷம் இல்லாத பாம்பு கடித்து யாரைச் சுடுகாட்டுக்கு அனுப்பப் போகிறது?

*பச்சைப் பாம்பு.* கண்கொத்திப் பாம்பு என்றும் சொல்வார்கள். கொடி போல மெலிந்து, இலை நிறத்தில், கூர்மூக்கோடு இருக்கும். கண்ணைக் கொத்தும் என்ற பயத்தினால் இந்தப் பெயர். இதற்குப் பல்லி, தவளையை மயக்கும் அளவுக்குத்தான் லேசான விஷம். மனிதருக்குக் கடித்த இடம் வீங்கலாம், அவ்வளவே. ஆனால் மலையோரக் கிராமத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலைக்காட்டில் பச்சை நிற விரியனும் உண்டு. அதன் தலை முக்கோணமாக அகன்றிருக்கும், உடம்பு தடிப்பாக இருக்கும். அதற்கு விஷம் உண்டு. பச்சை என்றாலே சாது என்று நினைத்து விடாதீர்கள்.

*மண்ணுளிப் பாம்பு.* இருதலைப் பாம்பு என்பார்கள். வால் மழுங்கலாக, தலை போலவே இருப்பதால் வந்த பெயர் இது. தலை ஒன்றுதான். மண்ணுக்குள் இருந்து எலி பிடிக்கும். இது நக்கினால் குஷ்டம் வரும் என்பது பொய். தொழுநோய் கிருமியால் வருகிறது. அதற்கு இலவச மருந்து உண்டு, முழுதும் குணமாகும். "இந்தப் பாம்பு லட்சக்கணக்கில் விலை போகும்" என்று யாராவது வந்து ஆசை காட்டினால் நம்பாதீர்கள். ஏமாற்றுப் பேர்வழிகள் அவர்கள். வாங்கினாலும் விற்றாலும் வழக்கு வரும்.

*புழுப் பாம்பு.* மண்புழு போல அரை அடிக்கும் குறைவாக, கறுத்து மினுமினுப்பாக இருக்கும். குளிக்கும் இடத்திலும் பூந்தொட்டி அடியிலும் மழைக்காலத்தில் தென்படும். எறும்பு முட்டையும் கரையான் முட்டையும் தின்னும். கண் சரியாகத் தெரியாது. காதுக்குள் புகுந்து விடும் என்று பயப்படுவார்கள். அது மண்ணைத் தேடுமே தவிர உங்கள் காதைத் தேடாது. முறத்தில் ஒதுக்கித் தோட்டத்தில் விட்டு விடுங்கள்.

3. இரண்டு இடத்தில் கண் ஏமாறும்

இதுவரை படித்தது சுலபம். இனி வருவதைக் கவனமாகக் கேளுங்கள்.

*முதல் ஜோடி: வெள்ளிக்கோல் வரையனும் கட்டுவிரியனும்.*

வெள்ளிக்கோல் வரையனைச் சில இடங்களில் சுவர்ப்பாம்பு என்றும் சொல்வார்கள். ஒன்றரை இரண்டு அடி இருக்கும். இரவில் சுவரிலும் ஓட்டிலும் ஏறிப் பல்லி பிடிக்கும். பழுப்பு உடம்பில் வெள்ளை அல்லது மஞ்சள் பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்கும். வால் பக்கம் போகப் போக மங்கும். விஷம் இல்லை.

கட்டுவிரியன் நீலம் கலந்த கறுப்பு. எண்ணெய் பூசினாற்போல் பளபளக்கும். மெல்லிய வெள்ளை வளையங்கள், பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். தலைப் பக்கம் வளையம் இருக்காது, அல்லது மங்கலாக இருக்கும். வால் பக்கம் தெளிவாக இருக்கும். மூன்று நான்கு அடி வளரும். இதுவும் இரவில்தான் வரும். இதன் விஷம் மிகக் கொடியது.

"பட்டை கழுத்துல ஆரம்பிச்சா சுவர்ப்பாம்பு, பின்னாடி ஆரம்பிச்சா கட்டுவிரியன்" என்று மனப்பாடம் செய்யலாமா? செய்யலாம். ஆனால் அதை நம்பி உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. கட்டுவிரியன் குட்டிக்குத் தலைப் பக்கத்திலேயே வெள்ளைக் குறிகள் இருக்கும். வயதான சுவர்ப்பாம்புக்குப் பட்டையே மறைந்திருக்கும். இரவு நேரம், சிம்னி வெளிச்சம் அல்லது டார்ச் வெளிச்சம், பாம்பு ஓடுகிறது, நமக்கு நெஞ்சு படபடக்கிறது. அந்த நிமிஷத்தில் யார் பட்டையை எண்ணப் போகிறார்கள்?

*இரண்டாம் ஜோடி: மண்ணுளியும் கண்ணாடி விரியனும்.*

மண்ணுளியில் திட்டுத் திட்டாகக் கோலம் போட்ட ஒரு வகை உண்டு. அதன் திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், வால் குட்டையாக இருக்கும். கண்ணாடி விரியனுக்கோ சங்கிலி கோத்தாற்போல் மூன்று வரிசை நீள்வட்டப் புள்ளிகள் உண்டு. தலை முக்கோணம், கழுத்து ஒடுக்கம். சுருண்டு கிடந்து குக்கர் விசில் போலப் பலமாகச் சீறும். அது சோம்பலாக அசையாமல் கிடப்பதைப் பார்த்து, "மண்ணுளிதான்", "மலைப்பாம்புக் குட்டிதான்" என்று கையில் தூக்கிக் கடி வாங்கியவர்கள் உண்டு.

4. ஒரு வீட்டில் நடக்கக் கூடிய கதை

தரையில் பாய் விரித்துக் கணவனும் மனைவியும் குழந்தையும் படுத்திருக்கிறார்கள். நடு ராத்திரி. கணவன் திடுக்கிட்டு எழுந்து கையைத் தடவிக் கொள்கிறான். எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்றது. விளக்கைப் போட்டால், சுவரோரம் வரி போட்ட சின்னப் பாம்பு ஒன்று ஓடி மறைகிறது.

"என்னங்க, கடிச்சிருச்சா? வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சுவர்ப்பாம்பு புள்ள. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. ஒண்ணும் ஆகாது. விடிஞ்சதும் களை எடுக்கப் போகணும். படு."

நான்கு மணிக்கு அவனுக்கு வயிறு வலிக்கிறது. வாந்தி வருகிறது. இரவு சாப்பிட்ட குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறான். ஐந்து மணிக்கு இமையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறுகிறது. மனைவி கூப்பாடு போட்டு அண்டை வீட்டாரை எழுப்புகிறாள். 108க்குச் சொல்லி வண்டி வருகிறது. மாவட்ட மருத்துவமனையில் விஷமுறிவு ஊசி போட்டு, மூச்சு விட இயந்திரம் வைத்து, நாலு நாள் கழித்துக் கண் திறக்கிறான். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் அந்தக் கண் திறந்திருக்காது.

கட்டுவிரியன் கடி இப்படித்தான். வலி இருக்காது. வீக்கம் இருக்காது. பல் பட்ட தடம்கூடத் தெரியாது. தரையில் தூங்குபவரைத்தான் அதிகம் கடிக்கும். காலையில் காரணம் தெரியாத வயிற்று வலி, இமை சரிவது, விழுங்க முடியாமல் போவது, மூச்சுத் திணறல் இவைதான் அடையாளம்.

ஆகவே தம்பதிகளே, இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்:

பாம்பை அடையாளம் காண்பது, அதை அடிக்காமல் விடுவதற்காக. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதற்காக அல்ல.

கடிக்காத பாம்பு எந்தப் பாம்பு என்று நிதானமாகப் பாருங்கள். கடித்து விட்டால், அது எந்தப் பாம்பாக இருந்தாலும் உடனே மருத்துவமனை. இன்றே இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்து கொள்ளுங்கள். கடிபட்டவர் "வேண்டாம்" என்று சொன்னாலும், மற்றவர் "போகலாம்" என்றால் போயே ஆக வேண்டும். கணவர் சொல்லுக்காக மனைவி சும்மா இருந்துவிடக் கூடாது. மாமியார், மாமனார் விடியட்டும் என்றாலும் காத்திருக்கக் கூடாது.

5. பாம்பைக் கண்டால் என்ன செய்வது?

முதலில் நில்லுங்கள். கூச்சல் போட்டு ஓட வேண்டாம். ஆறடிக்கு மேல் விலகி நில்லுங்கள். குழந்தைகளையும் நாயையும் அப்புறப்படுத்துங்கள்.

வெளியே கண்டால் அதன் வழியை விட்டு விடுங்கள். அது போய்விடும். வழியை மறித்தால்தான் திரும்பிச் சீறும்.

வீட்டுக்குள் கண்டால் உள் அறைக் கதவைச் சாத்திக் கீழ் இடுக்கில் துணியை அடையுங்கள். வாசல் கதவைத் திறந்து விடுங்கள். ஒருவர் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்க்கட்டும். மற்றவர் தீயணைப்பு நிலையத்துக்கு 101 எண்ணில் சொல்லட்டும், அல்லது வனத்துறைக்குத் தகவல் கொடுக்கட்டும்.

சாரை என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் கையால் பிடிக்காதீர்கள். வாலைப் பிடித்துச் சுழற்றுவது வீரம் இல்லை. பாம்பு அடிக்கப் போய்க் கடிபடுவதும், பிடிக்கப் போய்க் கடிபடுவதும் நாம் அடிக்கடி கேள்விப்படுவதுதான். செத்த பாம்பையும் தொடாதீர்கள். உயிர் போன பிறகும் சிறிது நேரம் அதன் வாய் கவ்வும்.

கோழிக் கூட்டுக்கும் தோட்டத்துக்கும் போட்ட நைலான் வலையில் சாரையும் தண்ணீர்ப் பாம்பும் சிக்கிக் கொள்வது உண்டு. அறுத்து விடுகிறேன் என்று கையை நீட்ட வேண்டாம். பழக்கப்பட்டவரைக் கூப்பிடுங்கள்.

1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரை, தண்ணீர்ப் பாம்பு, நல்ல பாம்பு போன்றவற்றைக் கொல்வதும் பிடித்து விற்பதும் குற்றம் என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள்.

6. கடித்து விட்டால்

செய்ய வேண்டியவை:

கடிபட்டவரைப் படுக்க வைத்துத் தைரியம் சொல்லுங்கள். நடக்க விடாதீர்கள், ஓட விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கையில் காலில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள். வீங்கினால் அவை இறுக்கும். கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் ஒரு குச்சியோ பலகையோ வைத்துத் துணியால் லேசாகக் கட்டுங்கள், எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல. 108க்குச் சொல்லுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக் கொள்பவருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போங்கள். வாந்தி எடுத்தாலோ மயங்கினாலோ இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

செய்யக் கூடாதவை:

கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கட்டினால் இரத்த ஓட்டம் நின்று காலே போகலாம். பிளேடால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. பச்சிலை அரைத்துப் பூசக் கூடாது. மிளகாயும் மிளகும் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று பார்க்கக் கூடாது. மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. மந்திரித்துப் பிழைத்ததாகச் சொல்கிறார்களே என்றால், அவர்களைக் கடித்தது சாரையாகவோ தண்ணீர்ப் பாம்பாகவோ இருந்திருக்கும். விஷப் பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்காமல் இருப்பதும் உண்டு. அந்தப் பெருமை மந்திரத்துக்குப் போய் விடுகிறது.

பாம்பை அடித்து எடுத்துக் கொண்டு போகவும் தேவை இல்லை. விஷமுறிவு மருந்து நான்கு விஷப் பாம்புக்கும் சேர்ந்த ஒரே மருந்து. தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். அதற்காக நேரம் போக்க வேண்டாம்.

மருத்துவமனையில் கொஞ்சம் இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ஏறியிருந்தால் இரத்தம் உறையாமல் போகலாம். இமை, மூச்சு, நாடி எல்லாம் பார்ப்பார்கள். விஷம் ஏறியிருந்தால் மட்டும் ஊசி போடுவார்கள். ஏறவில்லை என்றாலும் ஒரு நாள் வைத்துக் கவனிப்பார்கள். "ஊசி போடாம சும்மா வச்சிருக்காங்க" என்று சண்டை போட்டுப் பாதியில் கூட்டிக் கொண்டு வந்து விடாதீர்கள்.

கர்ப்பிணித் தாய்க்கும் இந்த ஊசி போடலாம், போட வேண்டும். தாய் பிழைத்தால்தான் குழந்தை பிழைக்கும். சின்னக் குழந்தைக்கும் பெரியவர் அளவே மருந்து போடுவார்கள். ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மருந்து இருக்கிறதா, இரவில் மருத்துவர் இருப்பாரா, இல்லையென்றால் அடுத்த பெரிய ஆஸ்பத்திரி எது என்று இப்போதே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2024 முதல் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் பதிவு செய்து தெரிவிக்க வேண்டும். எங்கே மருந்து அதிகம் வேண்டும் என்று அரசு தெரிந்து கொள்ள அது உதவும்.

இந்த மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ல் ஏற்பட்டது. இருளர் மக்கள் அந்த நான்கு வகைப் பாம்பையும் பிடித்து வந்து, விஷம் எடுத்து, பிறகு காட்டிலேயே விட்டு விடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொண்டுதான் விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். பாம்பைக் கொல்லாமலே உயிரைக் காக்கும் வேலை அது.

7. வீட்டை எப்படி வைத்துக் கொள்வது?

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. எலி, தவளை, பல்லி தேடி வருகிறது. ஒளிய இடம் தேடி வருகிறது. இரண்டும் இல்லை என்றால் வராது.

கணவர் செய்ய வேண்டியவை: விறகும் வரட்டியும் செங்கல்லும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி அடுக்குங்கள். வைக்கோல் போரும் அப்படியே. சுவர் ஓட்டையும் எலி வளையையும் அடையுங்கள். தண்ணீர் போகும் துவாரத்துக்குக் கம்பி வலை அடியுங்கள். கதவின் கீழ் இடுக்கு விரல் நுழையும் அளவு இருந்தால் பலகை வைத்து அடைத்து விடுங்கள். கூரை மேல் சாய்ந்த மரக் கிளையை வெட்டுங்கள்.

மனைவி செய்ய வேண்டியவை: தானியத்தை மூடி போட்ட டின்னில் வையுங்கள். சோற்றுப் பருக்கையும் மீன் கழுவிய தண்ணீரும் வாசலில் கொட்ட வேண்டாம். விறகு எடுக்கும்போதும் முட்டை எடுக்கும்போதும் முதலில் குச்சியால் தட்டிப் பிறகு கை வையுங்கள். இருட்டில் கை விட வேண்டாம்.

இருவரும் செய்ய வேண்டியவை: கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லை என்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிக் கொள்ளுங்கள். கொசுவும் வராது, கட்டுவிரியனும் வராது. ஒரு வலையில் இரண்டு லாபம். இரவில் வெளியே போனால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் போகாதீர்கள். கழிப்பறை வீட்டோடு இருந்தால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் நடு ராத்திரியில் வேலி ஓரம் போக வேண்டியதில்லை.

8. நீங்கள் கேட்கும் கேள்விகள்

*கேள்வி:* சாரையும் நாகமும் பிணையுமாமே?
*பதில்:* பிணையாது. இரண்டும் வேறு ஜாதிப் பாம்பு. இரண்டு பாம்பு பின்னிக் கொண்டு எழுந்து நிற்பதைப் பார்த்தால் பெரும்பாலும் அவை இரண்டும் ஆண் சாரை. பலப் பரீட்சை நடத்துகின்றன.

*கேள்வி:* படம் எடுக்காவிட்டால் அது நாகம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாமா?
*பதில்:* சொல்லக் கூடாது. நாகம் தன் பாட்டுக்கு ஊர்ந்து போகும்போது படம் எடுக்காது. பயந்தால்தான் எடுக்கும்.

*கேள்வி:* குட்டிப் பாம்புக்கு விஷம் இருக்காதே?
*பதில்:* விஷப் பாம்பின் குட்டிக்குப் பிறந்த நாளிலிருந்தே விஷம் உண்டு.

*கேள்வி:* அடிபட்டுத் தப்பிய பாம்பு பழி வாங்குமா?
*பதில்:* வாங்காது. ஆள் முகத்தை நினைவு வைத்துத் தேடி வரும் அறிவு பாம்புக்கு இல்லை. அதே இடத்தில் மறுபடி பாம்பு வந்தால், அங்கே எலி இருக்கிறது என்று அர்த்தம்.

*கேள்வி:* பூண்டு, உப்பு, பினாயில் போட்டால் பாம்பு வராதா?
*பதில்:* இவற்றை நம்பிப் பயன் இல்லை. அந்தக் காசுக்கு ஒரு கொசுவலை வாங்குங்கள்.

*கேள்வி:* பாம்புக்குப் பால் வைக்கலாமா?
*பதில்:* பால் அதன் உணவே அல்ல. அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுங்கள்.

9. படித்ததைச் சொல்லிப் பாருங்கள்

மனைவி கேட்கட்டும், கணவர் சொல்லட்டும். பிறகு மாற்றிக் கேளுங்கள்.

விஷப் பாம்பு நான்கின் பெயர் என்ன?
சாரையை ஏன் அடிக்கக் கூடாது?
கட்டுவிரியன் கடித்தால் வலி இருக்குமா?
கடித்தது தண்ணீர்ப் பாம்பு என்று தோன்றினாலும் எங்கே போக வேண்டும்?
இன்று இரவு நம் வீட்டில் யார் யார் தரையில் படுக்கிறார்கள்? கொசுவலை இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் வாயால் பதில் சொன்னால் போதாது. இன்றைக்கே எழுந்து போய்ப் பாருங்கள்.

கடிக்காத பாம்புக்கு வழி விடுங்கள்!
கடித்த பாம்பு எதுவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!

படித்து முடித்ததும் இதை அடுத்த வீட்டுத் தம்பதிக்குக் கொடுங்கள்.